இரண்டாம் சங்கு

பனியன் வேஸ்ட்டுக்கு ஒரு வாசனை உண்டு. இயந்திரம் துடைக்கிற அந்தத் துணிக் கழிவை எத்தனை முறை சோடா போட்டுக் கொதிக்க வைத்தாலும் எண்ணெய் வாசனை போகாது. அதை உருண்டையாகச் சுருட்டிச் சணலால் கட்டி, ஒரு நாய்க்குட்டியின் வாயில் சில நாள் கிடக்கவிட்டால் வருகிற வாசனை இன்னும் தனி. இன்றும் ஏதாவது ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறினால், என் கை தானாக நீண்டு, இல்லாத ஒரு கழுத்துப்பட்டையைத் தேடுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகளில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸுக்கு நைனா வாட்ச்மேன், அம்மா சமையல். பின்பக்கத்து ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். நைனா சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான்தான், அந்தப் பெருமை எனக்கு அப்போதே உண்டு. ஏழாம் வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குவேன்.

அந்த வீட்டுக்குத்தான் மேனேஜர் சார் ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தார். பால் தூக்கலான டீயின் நிறம், ‘ப்ரௌனி’ என்று பெயர். எது பறந்தாலும் ஓடிப் போய்க் கவ்விக்கொண்டு வருவது அதன் ரத்தத்திலேயே இருந்தது. ஒருநாள் மாலை, லாரி கிளீனர் ஒருவர் காலியான தண்ணீர்ப் பாக்கெட்டை வீசியெறிய, அதை எடுக்க ப்ரௌனி சாலையின் குறுக்கே பாய்ந்துவிட்டது. டிரெய்லர் ஒன்று பிரேக் போட்டு நின்றதில் தெருவெல்லாம் ரப்பர் கருகிய நெடி.

சார் ஓடிப்போய், அடிபடாமல் தப்பிய ப்ரௌனியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பொங்கலுக்குள்ள இது ஒழுங்குக்கு வரணும். இல்லேன்னா ஆரணிப் பக்கம் ஒருத்தர் தோப்புக்குக் கேட்டிருக்காரு, குடுத்துடுவேன்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீ படிக்கிற பொண்ணுதானே, நீயே பழக்கு. வீசினதும் ஓடக் கூடாது, உட்கார்ந்திருக்கணும். சொன்னப்புறம்தான் போகணும். அதுக்குப் பேரு ஸ்டெடி. ஒரு நாளைக்கு ஒரு தடவை வீசினா போதும்.”

எனக்கு வார்த்தை புரிந்தது, விஷயம் புரியவில்லை. எடுத்துவரவே பிறந்த நாய்க்கு எடுக்காமல் இருக்கவா முதலில் சொல்லிக்கொடுப்பது? வெளிநாட்டில் வாத்து சுடுகிறவர்கள் நாயை இப்படித்தான் பழக்குவார்கள், சுட்ட வாத்து கண்ணெதிரே விழுந்தாலும் சொல்லும்வரை அசையாது என்றார் சார். எங்கள் தெருவில் வானத்திலிருந்து புகைக்கரியைத் தவிர எதுவும் விழுந்ததில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு. “ஓடற நாய ஒக்கார வெக்கறதுக்கு ஒரு படிப்பாடி? அப்போ காலைலேர்ந்து கேட்டாண்ட ஒக்காந்துகினே கீற உங்க நைனாவுக்கு இன்னா பட்டம் குடுப்பாங்க?”

“நான் எப்பவோ ஸ்டெடி ஆயிட்டேன், போடி” என்றார் நைனா, ஸ்டூலிலிருந்து எழுந்திருக்காமலே.

கம்பெனியில் மாலை ஷிப்ட் விடுவதற்கு முன் இரண்டு சங்கு ஊதும். கைகால் கழுவிக்கொள்ளச் சின்னதாக ஒன்று, கேட் திறக்க நீளமாக ஒன்று. கடிகாரம் இல்லாத எனக்கு அதுதான் வசதி. முதல் சங்குக்கு உருண்டையை வீசுவேன். “இரு” என்று கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்வேன். இரண்டாம் சங்குக்குப் பிடியை விட்டு “எடு” என்பேன். முதலில் இழுத்தது, முனகியது, என் யூனிபார்ம் பாவாடையெல்லாம் எச்சில் ஒழுக்கியது. மெல்ல மெல்ல இழுப்பு தளர்ந்தது. ஒருநாள் கையை எடுத்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் நடுங்க, உட்கார்ந்தே இருந்தது. சங்கு ஊதியது, “எடு” என்றேன், அம்பாய்ப் பறந்தது.

சைக்கிளில் வெளியே வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். “இன்னா பாப்பா, உன் நாயி எங்க சூப்பர்வைசர விட ஸ்ட்ரிட்டா கீது!” நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து விருந்தாளிகள் சிலரோடு சார் வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் புல்தரையில் எல்லோரும் பார்க்க வீசினேன். ப்ரௌனி அசையவில்லை. கைதட்டினார்கள். “எடு” என்றேன். அசையவில்லை. “எடு... எடுடா.” அது என்னையும் பார்க்கவில்லை, உருண்டையையும் பார்க்கவில்லை, மதிலுக்கு அப்பால், விடுமுறையில் மூடிக்கிடந்த கம்பெனியின் கூரையைப் பார்த்தது.

“என்னம்மா, காது கேக்கலையா அதுக்கு?” என்றார் சார். விருந்தாளிகள் சாப்பிடப் போனார்கள். அம்மா பரிமாறும்போது என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கே தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. நாளைக்கே ஆரணிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள் என்பது மட்டும் விளங்கியது.

அப்போது அடுத்த ரோட்டில், ஞாயிறும் ஓடுகிற இரும்பு மில்லில் சங்கு ஊதியது. அதுவரை புல்தரையிலேயே உட்கார்ந்திருந்த ப்ரௌனி பாய்ந்தது.

விருந்தாளிகள் பின்தொடர, சார் சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இது உனக்குக் கட்டுப்படலம்மா, கம்பெனிக்குக் கட்டுப்பட்டிருக்கு!” ஆனால் உருண்டையைக் கவ்விய ப்ரௌனி அவரைத் தாண்டி, விருந்தாளிகளைத் தாண்டி வந்து, என் கையில்தான் வைத்தது. “சரி, ஓடாம உட்காந்துச்சே, அது போதும். இங்கயே இருக்கட்டும்” என்றார்.

நாய் தங்கிவிட்டது. நான் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் அன்று சாப்பிடாமலே இருந்தேன். காது கொடுத்தது சங்குக்கு, கொண்டுவந்து கொடுத்தது எனக்கு. அப்படியென்றால் பழக்கியது யார்? அதன் பிறகு சங்கில்லாமல் பழக்க எவ்வளவோ முயன்றேன். என் “எடு”வை அது ஒரு மரியாதைக்குக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

நான் பொன்னேரியில் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் கம்பெனி கைமாறியது. சங்கை நிறுத்திவிட்டு, விரல் வைக்கிற மெஷினை மாட்டினார்கள். அது தெரிந்தும் ஒருநாள் மாலை பழைய உருண்டையை வீசினேன். மூஞ்சி நரைத்திருந்த ப்ரௌனி உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது. வெளிச்சம் மங்கும்வரை அப்படியே இருந்தது. கடைசியில் நானே நடந்துபோய் உருண்டையை எடுத்துவந்து அதன் முன் வைத்தேன். மோந்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் குழப்பம் அதற்கா எனக்கா, சொல்லத் தெரியவில்லை.

ப்ரௌனி இப்போது இல்லை; கெஸ்ட் ஹவுஸ் இருந்த இடத்தில் குடோன் நிற்கிறது. நான் அதே பேட்டையில், வேறொரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அழகாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தும், நைனாவைப் போல நானும் தினம் விரல்தான் வைக்கிறேன். மெஷின் ஒரு பெண் குரலில் “தேங்க் யூ” என்கிறது, போகலாம் என்று அர்த்தம். ஆனாலும் கேட்டுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள், “இன்னா மேடம், ஊட்டுக்குப் போவலியா?” என்று கேட்கும்வரை.