விழிப்புணர்வுப் பேச்சாளர்

திருச்செங்கோட்டுப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு, செல்போனால் மனம் கெடுவதைப் பற்றிப் பெற்றோரிடம் பேச ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மை பூசிய மீசை. பேச்சுக்கு நடுவே அடிக்கடி தன் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் ஒரு தாய் அவரிடம் வந்து அழுதார். “எம்புள்ள எந்நேரமும் செல்லுலயே கெடக்கறாளுங்க. சோறு திங்கறதில்லீங்க. செத்துப் போயிடலாம்னு இருக்குதுங்கறாளுங்க.”

“வெளிச்சத்துக்கு வந்து இதையே இன்னொருக்கா சொல்லுங்கம்மா,” என்றவர், செல்போனை என்னிடம் நீட்டிப் படம்பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்தேன். அந்தம்மாள் மறுபடியும் அழுதார். மகளை மருத்துவரிடம் காட்டச் சொல்லக்கூடப் பேச்சாளருக்குத் தோன்றவில்லை.

அவர் இணையத்தில் போட்ட அந்தக் காணொளியை நான்காம் நாள் மகள் பார்த்துவிட்டாள். அதன்பின் தாயிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் பேச்சாளரைக் கூப்பிட்டு, அதை நீக்கச் சொன்னேன்.

“நல்லா ஓடிட்டிருக்குதுங்க சார். நாலு பேருக்கு விழிப்புணர்வு தானுங்களே?” என்றார்.

சேலத்தில் மருத்துவரிடம் காட்டிய பிறகு அந்தப் பெண் மெல்லத் தேறிவருகிறாள். காணொளி இன்னும் ஓடுகிறது. அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். தான் நல்லது செய்வதாகவே அவர் மனதார நம்பினார்.