காலி மனை என்று எழுதியவர்

எங்கள் தெருவுக்கு ஊதா நிறம் தீட்டியது நான்தான். என் கையாலேயே தீட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கம். நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் வரைபடங்களைப் பிரதியெடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டணம் இனி எந்தப் பக்கம் வளர வேண்டும், எங்கே வீடு இருக்கலாம், எங்கே தொழிற்சாலை வரலாம் என்று முடிவு செய்யும் பெரிய திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, திறந்த வெளிக்குப் பச்சை. கொடுத்த தாளில் சொன்ன நிறத்தை நிரப்ப வேண்டும். அன்று எனக்குக் கிடைத்தது திருவொற்றியூர்த் தாள். பாதி நிரப்பிய பிறகுதான் சர்வே எண்களைப் படித்தேன். காலடிப்பேட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டிய எங்கள் தெரு. அம்மா உலை வைத்துக்கொண்டிருக்கும் வீடு என் தூரிகைக்கு அடியில் இருந்தது.

கள ஆய்வுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவு அதிகாரியின் அழகான கையெழுத்தில் இருந்தது: 'காலி மனை. கட்டடம் எதுவும் இல்லை.'

அவரை அழைத்துப் போன ஜீப் டிரைவரிடம் விசாரித்தேன். "அன்னிக்கு செம மழைம்மா. சார் ஜீப்பவிட்டு எறங்கவே இல்ல. மெயின் ரோட்டுல டீ குடிச்சிகினே எழுதிட்டாரு" என்றார்.

ஊதா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். புதிதாக ஓர் அறை எழுப்ப அனுமதி கிடைக்காது. கேட்டுக் கேட்டு ஓய்ந்த தண்ணீர்க் குழாய் வரவே வராது. வடக்கே இருந்த ரசாயனத் தொழிற்சாலை எங்கள் தெரு வரைக்கும் மதிலை நகர்த்தலாம். ஏற்கெனவே அதன் புகையில்தான் அம்மா இருமிக்கொண்டிருந்தாள்.

அதிகாரியின் மேசைக்குப் போனேன். பயத்தில் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "சார், அங்க காலி மனை இல்ல சார். வூடுங்க கீது."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறை முழுவதையும் பார்த்தார். "கேட்டீங்களா? வூடு கீதாம்! இதை எந்தக் கலர்ல போடலாம்?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம், "கோடு போடத்தான் சம்பளம். போய் உட்காரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். மிச்சத்தையும் ஊதாவாக நிரப்பினேன். தெருவைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் நினைத்ததாகச் சொன்னால் பொய். அந்த மனிதனைச் சும்மா விடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

விதிகளின் புத்தகம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் ஆட்சேபம் எழுதலாம். எழுதிய ஒவ்வொருவரையும் நேரில் அழைத்து விசாரித்து, காரணம் எழுதிப் பதில் தர வேண்டும். அந்த 'ஒவ்வொருவரையும்' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஊர்வலம் போக ஆசை வந்தது. "ஒரே மனு, எல்லாரும் கையெழுத்து. கொடி புடிச்சிகினு போலாம்மா."

"வேணாண்ணா. ஒரே மனுன்னா ஒரே வரில முடிச்சுடுவான். வூட்டுக்கு ஒண்ணு எழுதணும். ஒவ்வொருத்தரா அவன் மூஞ்சியப் பாத்துப் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டேப்பைப் பிடித்தார், நான் அளந்தேன். அலுவலக வரைபடத்தின் அதே அளவில் எங்கள் தெருவை வரைந்தேன். வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு, சர்ச்சில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு என்று கிடைத்ததையெல்லாம் மனுவோடு கோத்தோம். எங்கள் வீட்டு மனுவில் அம்மா கைநாட்டு வைத்தாள். என் பெயர் எதிலும் இல்லை.

மனுக்கள் கட்டாக வந்து விழுந்தபோது அதிகாரியின் முகம் எப்படி மாறியது என்பதை இன்றைக்கும் சொல்வேன். விசாரணை நாட்களில் வரைபடத்தைப் பிடித்து இடம் காட்ட என்னையே நிற்கச் சொன்னார். அதற்கும் ஆள் நான்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்க வேண்டியிருந்தது: "உங்க வீடு எங்கே இருக்கு?" ஒவ்வொரு முறையும் நான் பென்சிலால் ஊதாவைத் தொட்டேன்.

தெருக்கோடியில் கயிற்றுக்கடை வைத்திருந்த பாய் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். "நானு காலி மனைல பொறந்தவன் சார். எங்க வாப்பா மவுத்தானதும் காலி மனைலதான். எழுதிக்க."

இந்த முறை அறையில் யாரும் சிரிக்கவில்லை.

மனுக்களின் எண்ணிக்கையைப் பார்த்த மேலதிகாரி, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்; தானும் எங்களோடு வந்தார். எங்கள் அதிகாரி மெயின் ரோட்டில் இறங்கி, மணலில் ஷூ புதையப் புதைய எங்கள் தெருவில் நடந்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள். புகை கீழே இறங்கியிருந்தது. அவர் இரும ஆரம்பித்தார். ஃபிட்டர் அண்ணன் கிணற்றிலிருந்து ஒரு லோட்டா தண்ணீர் மொண்டு நீட்டினார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது, மேலே எண்ணெய் மினுங்கியது.

"குடி சார். நாங்க இதத்தான் குடிச்சிகினு கீறோம்."

மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். லோட்டாவை வாங்கிய எங்கள் அதிகாரியால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அம்மா போய் லோட்டாவை வாங்கிக் கீழே கொட்டினாள். வீட்டில் பானையில் இருந்த லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மடமடவென்று குடித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

ஜீப் போனதும் கத்தினேன். "இன்னாத்துக்கும்மா குடுத்த?"

"இருமுறான்டி. மூச்சே வரல அவனுக்கு."

"நீ இருமும்போது அவன் எறங்கிக்கூட பாக்கல."

"அதுக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் எங்கள் தெரு மஞ்சளானது. ஆய்வுப் புத்தகத்தில் அவர் எழுதிய வரியை அவரே அடித்துக் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆனால் தொழிற்சாலை சும்மா இருக்கவில்லை. எங்களை விட்டுவிட்டு மேற்குப் பக்கம் விரிந்தது. அங்கே இருந்த குடிசைகளிலிருந்து ஒரு மனுகூட வரவில்லை. அவர்களுக்குச் சொல்ல அலுவலகத்தில் ஆள் இல்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. என் கணக்கு அந்த ஒரு மனிதனோடு இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துத் தாளும் என்னிடம்தான் வந்தது. ஊதாவை நிரப்பிக் கொடுத்தேன். எதற்காவது நான் வெட்கப்படுகிறேன் என்றால் அதற்குத்தான்.

அதிகாரிக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று நினைத்து ஒரு காலைப்பொழுது முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. மதியம்தான் தெரிந்தது, பதவி உயர்வோடு போகிறார். வழியனுப்பு விழாவில் மாலை போட்டார்கள். பெண் என்பதால் அவருக்குக் காபி கொடுக்கும் வேலையை என்னிடம் சொன்னார்கள்.

"என்னால முடியாது" என்றேன்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன்" என்று, அதிகாரியின் காதில் விழும்படியாகவே சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.