பத்தாவது பெயர்

அலுவலகத்தில் அவளுக்கு 'வரிசை' என்று பட்டப்பெயர். இணையப் பக்கத்தில் எந்தப் பட்டியல் வந்தாலும், யார் முன்னால் யார் பின்னால் என்று நிரல் எழுதுவது அவள் வேலை. இரண்டு பேரை ஒப்பிட ஒரு விதி எழுதிக் கொடுத்தால் போதும், ஆயிரம் பேரையும் கணினி கண்மூடித் திறப்பதற்குள் வரிசையில் நிறுத்திவிடும். அதில் அவள் கில்லாடி. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதனால்தான் அண்ணனோடு பேச்சு நின்றது. தன் கல்யாணப் பத்திரிகைக்கு உறவினர் பெயர்களை அவளே நிரல் எழுதி வரிசைப்படுத்தினாள். சின்னப் பெயர் மேலே, நீளமான பெயர் கீழே. பார்க்க அம்சமாக இருக்குமாம். அண்ணன் பெயர்தான் எல்லாவற்றிலும் நீளம். தூக்கி வளர்த்தவன் பெயர், முகம்கூடத் தெரியாத ஒன்றுவிட்ட மாமாவுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அச்சடித்தும் ஆயிற்று.

கம்ப்யூட்டர் போட்ட வரிசை என்று சிரித்து மழுப்பினாள்.

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?" என்று கேட்டான் அண்ணன். கல்யாணத்துக்கு வரவில்லை. இதற்கெல்லாமா கோபம் என்று அவளும் முறுக்கிக்கொண்டாள். மூன்று வருடமாக அம்மாதான் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள்.

போன வாரம் ஒரு மருத்துவமனை வரவேற்பிலிருந்து போன் வந்தது. டாக்டர் வருவதற்குள் பத்தொன்பது பேருக்கு டோக்கன் கொடுத்தாயிற்று. நோயாளிகளைக் கூப்பிட அவள் எழுதிக் கொடுத்திருந்த இணையப் பக்கமோ, இரண்டாம் டோக்கன் வைத்திருந்த முட்டிவலிக்கார அம்மாளைப் பத்தொன்பதுக்கு அப்புறம் கூப்பிட்டிருக்கிறது.

"உக்காந்திருந்தது பரவாயில்லயாம்," என்றாள் வரவேற்புப் பெண். "லேட்டா வந்துட்டு பொய் சொல்றாங்கன்னு எல்லாரும் பாத்தாங்களாம். அதுக்குத்தான் அழுதாங்க."

எண்தானே, தானாகச் சரியாக வரும் என்று இந்தப் பக்கத்துக்கு அவள் விதியே எழுதவில்லை. விதி இல்லாவிட்டால் கணினி எண்ணையும் எழுத்தைப் போலவே படிக்கும். பத்திலிருந்து பத்தொன்பது வரை எல்லாம் '1' என்ற இலக்கத்தில் தொடங்குகின்றன. ஆகவே இரண்டுக்கு முன்னால் போய்விடும்.

சோதித்துத்தானே கொடுத்தோம் என்று பழைய சோதனைப் பட்டியலைத் திறந்தாள். அதில் எப்போதும் வீட்டார் பெயர்களைப் போடுவாள். அம்மாவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள், மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது வரைக்கும் இந்தத் தவறு தலைகாட்டாது. பத்தாவதாக ஒருவர் இருந்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். அண்ணனை அவள் சேர்க்கவில்லை.

இப்போது சேர்த்து, பத்து என்று எண் கொடுத்து ஓட்டினாள். அண்ணன் பெயர் அம்மாவுக்கு நேர் கீழே வந்து நின்றது. மூத்தவன் நிற்க வேண்டிய இடம்.

ஒரு எண்ணிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எது சிறியது என்று பார்க்கும் விதியை எழுதினாள். பக்கம் சரியாயிற்று, அண்ணன் மறுபடி கடைசிக்குப் போனான். மருத்துவமனைக்குப் போன் போட்டு, அந்த அம்மாளிடம் தன் தவறுதான் என்று சொல்லச் சொன்னாள். அப்புறம் இன்னொரு எண்ணை அழுத்தினாள்.

அண்ணன் எடுத்தான்.

"அண்ணா, பத்திரிகையில உன் பேர கம்ப்யூட்டர் கீழ போடல," என்றாள். "நான்தான் போட்டேன்."