வாய்ப்பூட்டுப் போட்ட ஆடிக் கிருத்திகை

நம் காவடிக் குழுவில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் உங்களில் பலரைப் பிடிக்காது. என் வாய்தான் காரணம் என்று முதுகுக்குப் பின்னால் நீங்கள் பேசுவது எனக்குத் தெரியும். அது உண்மைதான். ஆனாலும் முருகன் எனக்குச் செய்ததை உங்கள் முன்னால் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். அதனால் எழுதுகிறேன்.

கோலார் தங்கவயல் நந்திதுர்க்கில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். டிகிரியும் முடித்தேன். பெங்களூரில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திட்டுகிறவர்களிடமெல்லாம் மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்கும் வேலை. பகலெல்லாம் விழுங்கியதை ரயிலில் சுமந்து வந்து வீட்டில் கக்குவேன். வாங்கிக்கொள்ள அம்மா இருந்தாள். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டார்.

போன ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லைனில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அன்றும் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். முதலில் அம்மாவின் வீட்டு மனுவை ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி முடித்தேன். அம்மா மையைத் தொட்டு, அதிகாரி கையெழுத்துப் போடும் கட்டத்தில் கட்டைவிரலை அழுத்திவிட்டாள்.

"கைநாட்டு! கைநாட்டு! உன் வயித்துல பொறந்தேன்னு சொல்லவே அசிங்கமா கீது."

அத்தனை பேரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டு செல்வி அக்கா, "இன்னாடி பேசற? பெத்தவடி அது" என்றாள்.

"நீயும் கைநாட்டுதானே, போ" என்றேன்.

அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு இருக்கும். பேச்சு இருக்காது. முகம் தெரியாதவனிடம் ஒரு நாளைக்கு நாற்பது முறை 'சாரி சார்' சொல்கிறவள், பெற்றவளிடம் ஒருமுறை சொல்லவில்லை. திமிர்.

மூன்று வாரம் கழித்துக் காலண்டருக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. கழுத்தில் கட்டி. ஆபரேஷனுக்குச் சேர வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. சேரச் சொன்ன நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மா ஏன் எப்போதும் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரே அறையில் தூங்குகிற எனக்குத் தெரியவில்லை. துணைக்குப் போனது செல்வி அக்கா என்று சீட்டிலேயே இருந்தது.

கத்தினேன். கெஞ்சினேன். மறுபடியும் கத்தினேன். அம்மா சுவரைப் பார்த்தபடி அரிசி புடைத்தாள். செல்வி அக்காவிடம் போய், ஏன் சேராமல் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கைநாட்டுக்கு இன்னாடி தெரியும்? நீ பெரிய படிப்பு. நீயே கண்டுபுடி." கதவு மூடியது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் முருகனிடமும் சண்டைதான் போட்டேன். 'அம்மா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒரு வார்த்தை பேச வேண்டும். உனக்கு என்ன வேண்டும், சொல்' என்றேன். அவனும் அம்மாவைப் போலவே பேசாமல் இருந்தான். அழுது ஓய்ந்தபோதுதான், கொடுப்பதற்கு என்னிடம் இந்த வாயைத் தவிர ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து நாள் இருந்தது. வாய்ப்பூட்டு வேண்டிக்கொண்டேன். விரல் நீள வெள்ளி வேலை இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்திவிடுவார்கள். கோயிலில் எடுக்கும்வரை பேச முடியாது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று உங்களிடமே சொன்னவள் நான்.

லைனே சிரித்தது. "உன் வாய்க்கு அந்த ஊசி பத்தாதுடி" என்றாள் செல்வி அக்கா. "மைன்ஸை மூடினாங்களே, அவங்களக் கூப்டு. ஷாஃப்ட்டுக் குழி வாய்க்குப் போட்ட சிமெண்ட்டு சிலாப்பு மிச்சம் கீதான்னு கேளு."

கிருத்திகையன்று வேல் ஏறியது. வலித்தது. தெருவில் இறங்கியதும் காவடிகளின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றக் குடத்தோடு பெண்கள் நின்றார்கள். என் காலுக்கு ஊற்ற வந்தது செல்வி அக்கா. ஒரு சொம்பு ஊற்றுவாள், ஒரு திட்டு திட்டுவாள். குடம் காலியானால் அடுத்த குழாயில் நிரப்பிக்கொண்டு ஓடி வருவாள்.

"இது என்னைக் கைநாட்டுன்னதுக்கு." ஒரு சொம்பு. "இது என் புருசன் மனுவைத் தூக்கி எறிஞ்சதுக்கு." இன்னொரு சொம்பு.

ஒவ்வொன்றுக்கும் பதில் என் தொண்டைவரை வந்தது. உதடு அசைந்தால் வேல் இழுத்தது. ஒருவர் பேசி முடிக்கும்வரை நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

கோயில் படி வந்தபோது அவள் குரல் தணிந்தது.

"ஆஸ்பத்திரில ஆபரேசனுக்குக் கையெழுத்து கேட்டாங்கடி. ஆயுசு பூரா நாலு பேர் எதிர்ல கைநாட்டு வெச்சவதான் உங்கம்மா. அன்னிக்குக் கட்டைவிரலப் பொடவைக்குள்ள மறைச்சிகினா. நாளைக்கு வரேன்னு சொல்லி எழுந்து வந்துட்டா. அந்த விரல யார் மறைக்க வெச்சது? நீயே கண்டுபுடி."

கடைசிச் சொம்பை ஊற்றிவிட்டு நகர்ந்தாள். ஈரக் காலோடு படி ஏறினேன்.

சந்நிதியில் உதட்டிலிருந்து வேலை எடுத்தார்கள். காயத்தில் விபூதி வைக்க ஒரு கை வந்தது. கட்டைவிரல். அம்மா. கூட்டத்தின் ஓரமாகவே வழி முழுக்க வந்திருக்கிறாள்.

"வாயைக் காட்டு" என்றாள்.

இருபத்தாறு நாளில் முதல் வார்த்தை.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போலாம்மா" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை.

"சரி. கத்தாம வா."

மறுநாள் ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவன் தாளைத் தள்ளிவிட்டு, "ஹெப்பெட்டா?" என்று கன்னடத்தில் கேட்டான். கைநாட்டா என்று கேட்கிறான். அதே ஏளனம், அதே நான். வாய் திறந்துவிட்டது. அம்மா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காயத்தை நாக்கால் தொட்டேன். மை டப்பாவை எடுத்துத் திறந்து அம்மாவின் பக்கம் நீட்டினேன்.

"ஹௌது சார்" என்று கன்னடத்திலேயே ஆமாம் சொன்னாள் அம்மா. "எந்த எடத்துல வெக்கணும்?" காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை. முருகா, உனக்கு நான் என்ன செய்வேன்.

நான் சாந்தமாகிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செல்வி அக்காவோடு போன வாரம்கூடக் குழாயடியில் சண்டை. ஆனால் அவள் பேசி முடித்த பிறகுதான் நான் ஆரம்பித்தேன். அவள் புருஷனின் மனுவையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வாய்க்குப் பயந்து உங்கள் வீட்டிலும் யாராவது பேசாமல் இருக்கலாம். யோசித்துப் பாருங்கள். இருந்தால் முருகனிடம் போய்ச் சண்டை போடுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். வருகிற ஆடிக்கு வாய்ப்பூட்டு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்ற நான் வருகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியது எனக்கும் நிறைய இருக்கிறது.