லாரியில் கேட்ட குரல்

எண்பதுகளில், தம்பி கோலாலம்பூர் கல்லூரியிலிருந்து முதல் விடுமுறைக்கு எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தான். யாரிடமும் பேசவில்லை. அம்மா கொழுந்து எடுப்பவள் என்று தெரிந்ததும், சீனியர்கள் அவனை மேசைமேல் ஏற்றிக் கொழுந்து கிள்ளுவதுபோல் நடிக்கவைத்தார்களாம். அதையும் அவன் நண்பன்தான் சொன்னான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஏறிப் போய் அவர்களை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

அப்பா ஓட்டிய காய்கறி லாரியில் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. பொத்தானை அழுத்திப் பேசினால் மலைச்சாலையில் ஓடும் மற்ற லாரிகளுக்கும் கேட்கும். புலி, கருடன் என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் அவரோடு நாங்களும் போனோம். வழியில் திரிங்காப் என்ற ஊரில் முட்டைக்கோஸ் ஏற்ற அப்பா இறங்கியதும், தம்பி மைக்கை எடுத்தான். லாரி ஓட்டப் புதிதாக வந்திருந்த ஒருவன் அதில் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தான்.

“டேய், நான் சீனியர் பேசறேன். ஒரு பாட்டுப் பாடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது.”

அந்தக் குரல் நடுங்கிக்கொண்டே பாடியது. தம்பி சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செட்டைப் பட்டென்று அணைத்தேன்.

“விடுலா, அக்கா. அவனுக்கு என் மூஞ்சி தெரியாது.”

“எனக்குத் தெரியுதுடா,” என்றேன்.