தட்டு நிறையவில்லை

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் பூஞ்சை பிடித்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர், திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தார். காசநோய் மாத்திரை தின்றே கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. பூஞ்சை மருந்தும் கல்லீரலைத்தான் தாக்குமாம். "ஆன்டிஜன் டெஸ்ட்ல உறுதியானாத்தான் ஆரம்பிக்க முடியும்" என்றார் டாக்டர். பூஞ்சை உள்ளே வளர்ந்தால் அதன் கசிவு ரத்தத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, சீக்கிரம் பாருங்களேன்! ஆஸ்பத்திரியில் எடுத்த அவர் ரத்தத்தை மணவாள நகர் லேபில் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தேன். ரிப்போர்ட் வரவே இல்லை. ஒருநாள் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னாம்மா, சும்மா பேஜார் பண்ணிக்கினே கீறீங்க? ரத்தத்த இன்னா ஊறுகாயா போட்டு வச்சிக்கீறீங்க?"

கவுண்டர்க்காரி அசரவில்லை. "மெட்ராஸ்லதான்க்கா டெஸ்ட் பண்றாங்கோ. குழி குழியா ஒரு தட்டு கீது, குழிக்கு ஒரு ஆளு ரத்தம். ஒரு ஆளுக்காகப் போட்டா கட்டுப்படி ஆவாது. இதே டெஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் பேரு ரத்தம் வரணும்."

ஆக, என் புருஷன் பிழைக்க ஊரில் இன்னும் நாலு பேர் நோவில் விழ வேண்டும்! நல்ல நியாயம்டா சாமி. பாழாய்ப்போன தட்டைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து விளக்கேற்றி, வெட்கமே இல்லாமல், சீக்கிரம் ரத்தம் வரட்டும் என்று கும்பிட்டேன்.

மறுநாள் லேபில் பொதட்டூர்பேட்டைப் பெண் ஒருத்தி ரத்தக் குப்பியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கவுண்டர்க்காரி சிரித்தாள். "அக்கா, இவங்க ஊட்டுக்காரருக்கும் அதே டெஸ்ட்டு. இத்தோட தட்டு ரொம்பிடும். இன்னிக்கே போட்டுருவாங்கோ."

"அப்பாடா!" என்றேன் வாய்விட்டு.

அந்தப் பெண் திரும்பினாள். அழுது வீங்கிய முகம் சற்றுத் தெளிந்தது. "அப்போ இது பயப்படற டெஸ்ட்டு இல்லியாக்கா?"

"மருந்து கீதும்மா" என்றேன். வேறென்ன சொல்ல? நான் சாமியிடம் கேட்டு வாங்கிய குப்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் வந்தது. பூஞ்சைதான். மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கியது. இப்போது ரசத்தில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடுகிறார் மனிதர், போடட்டும். அவள் புருஷனுக்கு என்ன ஆனதென்று தெரியாது.

பூஞ்சை குறைகிறதா என்று பார்க்க இன்னும் அதே டெஸ்ட்தான் எடுக்கிறார்கள். அதே தட்டு, அதே காத்திருப்பு. லேபுக்குப் போய் இன்றும் கத்திவிட்டுத்தான் வருகிறேன். சாமியிடம் மட்டும் எதுவும் கேட்பதில்லை.