அறந்தாங்கி பஸ் இல்லை

பள்ளி ஆண்டு மலருக்கு, நம்மோடு வேலை பார்க்கும் எளிய மனிதர் ஒருவரைப் பற்றி ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். தமிழாசிரியருக்குக் காவலர் வந்தார். கணக்கு டீச்சருக்குத் தோட்டக்காரர். உடற்கல்வி ஆசிரியனான எனக்கு இருளாயி வந்து தொலைத்தார். சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "அவர் இவர்னு மரியாதையா எழுதுங்க கோபிநாத், அது போதும்" என்று சொல்லித் தலைமை ஆசிரியர் எழுந்து போய்விட்டார். மரியாதையாகவே எழுதுகிறேன். இது அச்சேறாது என்று எனக்குத் தெரியும், அதனால் உள்ளதையே எழுதுகிறேன்.

இருளாயி எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். கணவர் திருப்பதி போர்வெல் லாரியில் வடக்கே எங்கேயோ வேலை பார்க்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவார். எட்டு வருடத்துக்கு முன்னால் இந்த வேலை கிடைக்கும்வரை இருளாயி ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர். அந்தக் கொட்டையின் எரிக்கிற எண்ணெய் பட்ட கறுப்பு விரல் நுனியில் இன்னும் இருக்கிறது. நாக்கிலும் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும், அவர் பேசினால் பட்ட இடம் எரியும். ஒரே மகள் சத்யா. எங்கள் பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியில் ரைட் விங், அதாவது வலது ஓரம்.

எங்கள் சண்டை ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியடில் பிள்ளைகளைப் பந்து அடிக்க விட்டிருந்தேன். மைதானத்தின் இடது ஓரத்தில் சத்துணவுக் கூடம். வலது ஓரத்தில் முள்வேலி. இடது பக்கமிருந்து அடித்த பந்து ஜன்னல் வழியாகப் போய் சாம்பார் சாத அண்டாவில் விழுந்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இருளாயி பந்தைக் கழுவி, துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"சார், வலது பக்கம் அடிச்சா பந்து முள்ளுல விழுகணும்ல?"

"ஆமா."

"மூணு வருசமா பாக்குறேன். முள்ளுல குத்திப் போன பந்து ஒண்ணுகூட இல்ல. எல்லாம் எங்க அடுப்புக்குத்தான் வருது."

பந்தைக் கழுவிக் கொடுத்தவரிடம் கோபப்பட முடியவில்லை. அதுவே எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

எங்கள் ஆட்டத்தில் மூன்று ஊர்ப் பெயர்கள் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்துவேன். புதுக்கோட்டை என்றால் நடுவில் ஏற வேண்டும். பட்டுக்கோட்டை என்றால் இடது ஓரம். அறந்தாங்கி என்றால் வலது ஓரம். தினமும் பஸ்ஸில் பார்க்கிற பெயர்கள், பிள்ளைகளுக்கு மறக்காது, எதிரணிக்குப் புரியாது என்று நானே யோசித்து வைத்தது. மாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக் கேட்டு இருளாயிக்கும் இது பாடமாகிவிட்டது.

இடது ஓரத்தில் ஆடியவள் வைஷ்ணவி. நல்ல ஆட்டக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. அவள் அப்பா நாராயணன் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம், ஆலங்குடியில் இரும்புக் கடை. அணிக்கு ஜெர்சி, ஷூ, போட்டிக்குப் போக வேன், எல்லாம் அவர் தயவு. என் மகளுக்குப் பந்து கொடுங்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்காமலே நான்தான் குனிந்தேன்.

போன வருடம் ஜூனில் புது சீசன் தொடங்கும்போது இந்தமுறை ஆட்டத்தையே மாற்றப் போகிறேன் என்று முடிவு செய்தேன். சார்ட் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவில் அம்புக்குறி போட்டு, நடு, இடது, வலது மூன்றுக்கும் சமமாகத் திட்டம் வரைந்து வராந்தாவில் ஒட்டினேன். தலைமை ஆசிரியர் பாராட்டினார். மறுநாள் காலை சத்துணவுக் கூடப் பலகையில், அன்றைய சாப்பாட்டுக்குக் கீழே, சாக்பீஸில் எழுதியிருந்தது:

"தக்காளி சாதம், மிளகு முட்டை. இந்த வருடமும் பட்டுக்கோட்டை பாஸ் மட்டும். அறந்தாங்கி பாஸ் இல்லை."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். நான் தலைமை ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் இருளாயியைக் கூப்பிட்டு, பலகையில் பொதுமக்களுக்குப் பயன்படுகிற விஷயத்தைத்தான் எழுத வேண்டும் என்று கண்டித்தார். இருளாயி தலையை ஆட்டிவிட்டுப் போனார். போய்ப் பலகையில் ஒரே ஒரு துணைக்காலைத்தான் அழித்தார். 'பாஸ்' 'பஸ்' ஆகிவிட்டது. அறந்தாங்கி பஸ் இல்லை. அன்றைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அறந்தாங்கிக்குப் போக வேண்டியவர், பஸ் தேடி ஆட்டோ பிடித்து ஆலங்குடிக்குப் போய்விட்டார். அவர் ஏறியிருக்க வேண்டிய பஸ் கால் மணி நேரத்தில் பள்ளி வாசலில் காலியாக நின்று போனது.

அதன் பிறகு தினமும் அந்த வரி இருந்தது. நான் அழிப்பேன், மறுநாள் இருக்கும். நாங்கள் குறுவட்டப் போட்டியில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தோம். மூன்றிலும் நான் கத்தியது பட்டுக்கோட்டைதான். சார்ட் வராந்தாவில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆட்டத்தை எந்தக் கிறுக்கன் மாற்றுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு இருளாயி என் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"சார், புதுக்கோட்டையில மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க வாராங்களாம்ல. பேரு வந்தா ஹாஸ்டல்ல பதினொண்ணாவதுக்கு எடம் கெடைக்கும்னு சத்யா சொல்லுது."

"கெடைக்கும்."

"பத்தாவது முடிஞ்சா எங்க தெருவுல மில்லு வேன் வந்து நிக்கும் சார். போன வருசம் நாலு புள்ளைகள வேலைக்கு ஏத்திக்கிட்டுப் போச்சு. எம்புள்ளைக்கு ரெண்டு பந்து குடுங்க. அது காலுல பந்தே வரலைன்னா வந்தவங்க எதப் பாத்து எழுதுவாங்க?"

நியாயமான பேச்சு. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம். "மில்லுக்குள்ள ஓடுறதுக்கு ஒங்க புள்ள ஓட்டம் போதும்மா" என்றேன். பலகையில் தினமும் என்னை அவமானப்படுத்தியதற்குப் பதில் கொடுத்துவிட்டதாக ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருளாயி, "எழுதி வச்சுக்கங்க சார். ஒரு கோல் வாங்குனதும் ஒங்களுக்குக் கை நடுங்கும். அப்பறம் ஆட்டம் முடியிற வரைக்கும் பட்டுக்கோட்டைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுக்கோட்டை மைதானத்தில் எதிரணி ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வந்தது. சுமாரான அணி. பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் பட்டுக்கோட்டை என்று கத்தியபோதெல்லாம், பந்து கிளம்புவதற்கு முன்பே அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிப்போய் வைஷ்ணவியை மறித்து நின்றார்கள். ஒருமுறை, இருமுறை, ஐந்து முறை. அதற்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். இருளாயி சொன்ன மாதிரியே என் கை நடுங்கியது. நான் மறுபடியும் பட்டுக்கோட்டை என்றே கத்தினேன்.

இடைவேளையில்தான் பார்த்தேன். லீவு போட்டு வந்திருந்த இருளாயி எங்கள் பக்கம் இல்லை. எதிரணியின் தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளுக்கு டம்ளரில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மைதானத்தைக் குறுக்கே கடந்து போனேன்.

"மூணு ஊரும் என்னன்னு சொல்லிட்டியா?" மரியாதை அப்போது போய்விட்டது.

"சொல்லிட்டேன் சார்."

"சோறு போடுற பள்ளிக்கூடத்தையே காட்டிக் குடுத்திருக்க."

"அந்தச் சோத்த ஆக்குறதே நான்தான் சார்" என்றார், எழுந்திருக்காமலே. "பட்டுக்கோட்டைன்னா எங்கிட்டுன்னு சொன்னேன். அறந்தாங்கின்னா எங்கிட்டுன்னும் சொன்னேன். அத மட்டும் இவரு கத்த மாட்டாரு, அந்தப் பக்கம் ஆளே போட வேணாம்னும் சொல்லிட்டேன். ஒங்க வாயில வேற ஊரு வர்றதுக்கு வேற வழி தெரியல."

அறைந்துவிடலாம் போல இருந்தது. திரும்பி வந்து, இரண்டாம் பாதியில் வேண்டுமென்றே மேலும் நாலு முறை பட்டுக்கோட்டை என்று கத்தினேன். இருளாயியின் கணிப்பைப் பொய்யாக்க வேண்டுமென்றால் வேறு பெயரைக் கத்தியிருக்க வேண்டும். வீம்பில் அதுகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது கோலும் வாங்கினோம். கடைசியில் வைஷ்ணவிதான் கோட்டுப் பக்கம் வந்து மூச்சிரைக்கச் சொன்னாள்.

"சார், என்னால முடியல. ரெண்டு பேரு இடிச்சுக்கிட்டே நிக்கிறாங்க. அங்கிட்டு சத்யா சும்மாதான் நிக்கிது, அங்கிட்டு குடுக்கச் சொல்லுங்க."

நான் அறந்தாங்கி என்று கத்தினேன்.

நடுவில் பந்தோடு நின்ற இனியா அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக என் அணியில் ஆடுகிறவள். அவள் யோசிப்பதற்குள் பந்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அடுத்தமுறை கையை நீட்டிக் காட்டினேன். பந்து சத்யாவிடம் போனது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இல்லை. அவள் ஓடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பயிற்சியில் அவள் ஓடவில்லை என்று சொல்லவில்லை, நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. கோல்கீப்பர் முன்னால் வரும்வரை பொறுத்து, பக்கவாட்டில் தட்டிக் கோலாக்கினாள். அதற்குப் பிறகு இருந்த எட்டு நிமிடத்தில் ஐந்து முறை பந்து அவளிடம் போனது, ஒருமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

தேர்வாளர்களில் ஒருவர் நோட்டோடு என்னிடம் வந்தார்.

"இந்த ஏழாம் நம்பர் பொண்ண இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?"

"ரைட் விங்லதான் சார்" என்றேன். அவர் சிரித்தார், நான் ஏதோ நகைச்சுவை சொன்னதாக நினைத்துக்கொண்டு.

பட்டியலில் சத்யா பெயர் வந்தது. வைஷ்ணவி பெயர் வரவில்லை. அவள் வேனில் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிவரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். இதற்காக நான் இருளாயியை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. மறுநாள் சத்துணவுக் கூடத்துக்குப் போய் நேராகக் கேட்டேன்.

"வைஷ்ணவி என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

இருளாயி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "ஒண்ணும் பண்ணல சார். அது நல்ல புள்ள. எனக்கும் ராத்திரி தூக்கம் வரல." கத்தியைக் கீழே வைத்தார். "எம்புள்ள மூணு வருசமா என்ன பாவம் பண்ணுச்சுன்னு நீங்க ஒருநாளாவது தூங்காம இருந்தீங்களா?"

அந்தக் கேள்வியால்தான் அவரைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் உண்மைதான்.

இப்போது மறுபடியும் ஜூன். சத்யா விடுதியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தெருவுக்கு மில் வேன் வந்ததாம், இருளாயி வீட்டு வாசலில் நிற்கவில்லையாம். வைஷ்ணவி புதுக்கோட்டையில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். நாராயணனின் ஜெர்சியும் வேனும் அவளோடு போய்விட்டன. இப்போது இடது ஓரத்தில் ஆடுவது ஒரு எட்டாம் வகுப்புப் பெண். வலது ஓரத்திலும் அப்படித்தான். இருவருக்கும் நான் எதற்கும் கடன்பட்டவன் இல்லை. நான் இனி யாருக்காகவும் குனிய வேண்டியதில்லை.

இன்று காலை பலகையைப் பார்த்தேன். மகள் போய்விட்டாள், இனி இருளாயிக்கு என் ஆட்டத்தில் என்ன வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

"சாம்பார் சாதம், முட்டை. அறந்தாங்கி பஸ் இல்லை."

உள்ளங்கையால் அந்த வரியை அழித்தேன். இருளாயி ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் சீசனின் முதல் பயிற்சி ஆட்டம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம். நான் கோட்டுப் பக்கம் ஓடி, வாயைத் திறந்து கத்தினேன். பட்டுக்கோட்டை.